சுக்காங்கல் காலத்தில் பாவி யார்?

காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவுத் தெருவிலிருந்து ஜியாலஜி படிக்கப் போன முதல் ஆள் நான். எனக்குத் தெரிந்து கடைசி ஆளும் நான்தான். நான் அடக்கமான பேர்வழி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருமைப்பட வேண்டிய இடத்தில் பெருமைப்படாமல் உம்மென்று இருப்பது எனக்கு வராது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் ஒரு கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோது, அது என்ன படிப்பு என்று தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. கல்லைப் பற்றிய படிப்பு என்று அப்பா சொல்லிவைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே சிரித்தார். "கல்லுல படிக்கறதுக்கு இன்னாபா இருக்குது? ஒடைக்கத்தானே இருக்குது?" அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. "இருக்குதுபா. எம் பொண்ணு இருக்குதுன்னு சொன்னா இருக்குது" என்றார்.

கல்லில் என்ன இருக்கிறது என்பதை அப்பா நேரில் பார்க்கச் சில வருஷங்கள் ஆயின. அது என் அக்காவின் வாழ்க்கையில் வந்த சிக்கலோடு சேர்ந்த கதை. அதற்கு முதலில் எங்கள் தெருவின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பட்டுச் சேலையின் நீளவாட்டு நூலைப் பாவு என்போம். தறியில் ஏற்றுவதற்கு முன்னால், விடிந்ததும் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தடவிக் காய வைப்பார்கள். அந்த நேரத்தில் நாலு தூறல் விழுந்தால் போதும், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அத்தனை பேர் உழைப்பும் பாழாகிவிடும். அதனால் பாவு விரித்திருக்கும்போது வானம் இருட்டினால், எங்கள் தெருவில் பெரியவர் சிறியவர் பார்க்காமல் எல்லோரும் மேலே பார்த்துக் கையை வீசி, "போ, போ, அப்பால போ" என்று மேகத்தை விரட்டுவோம். முற்றத்தில் நெல் காயும்போது கோழியை விரட்டுகிற அதே கைவீச்சுதான். மேகம் கேட்டுக்கொண்டு போய்விடும் என்று யாரும் நம்பியதில்லை. இருந்தாலும் மேகத்தைக் கண்டதும் கை தானாக எழும்பிவிடும்.

என் அக்காவுக்கும் அந்தக் கை இருந்தது. எங்கள் தெருவிலேயே நேர்த்தியாக நெய்கிறவள் அவள். சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் வைத்து நெய்யும்போது இரண்டும் சேருகிற இடம் அவள் கைபட்டால் தடவிப் பார்த்தாலும் தெரியாது. அவள் எதையும் சத்தமில்லாமல் செய்வாள். கல்யாணத்தையும் அப்படித்தான் செய்தாள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பட்டு நூல் நிறுத்துக் கொடுக்கிற வேலையில் ஒருவர் இருந்தார். ஐயம்பேட்டையைத் தாண்டி ஒரு சின்ன கிராமத்தில் பயிர் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. எங்கள் ஜனம் இல்லை. ஒருநாள் காலையில் இரண்டு பேரும் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அப்பா ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. பிறகு பேசினார், வேறு என்ன செய்வார்? அக்கா மாமாவின் கிராமத்துக்கு வாழப் போனாள்.

போன முதல் வருஷமே அந்தக் கை வேலையைக் காட்டிவிட்டது. நாற்று நட்டுவிட்டு ஊரே மழைக்குக் காத்திருந்த நேரம். ஒரு சாயங்காலம் கிழக்கே கருமேகம் திரண்டது. எல்லோரும் ஏரிக்கரையில் நின்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தலையில் புல்லுக்கட்டோடு வந்தவள், மேகத்தைப் பார்த்தாள். புல்லுக்கட்டைப் பிடித்திருந்த கைகளில் ஒன்று இறங்கி வானத்தைப் பார்த்து வீசியது. வாய் தன்பாட்டுக்கு, "போ, போ, அப்பால போ" என்றது. பாவு விரிக்காத ஊரில், பாவு விரிப்பதையே பார்த்திராத ஜனங்களுக்கு நடுவில் நின்று சொன்னாள்.

மேகம் அன்றைக்குப் பார்த்துத் தெற்கே போய்விட்டது.

அந்த வருஷம் ஐப்பசி மழை பாதியில் நின்றது. அடுத்த வருஷம் பெயருக்குத் தூறிவிட்டுப் போனது. ஏரி வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்தது. மாடுகளுக்குக் கூரையிலிருந்து வைக்கோலைப் பிடுங்கிப் போட்டார்கள். காஞ்சிபுரத்தில் எங்கள் பக்கத்துக் கோவில் குளத்திலும் அதுவரை நான் பார்த்தேயிராத கடைசிப் படி வெளியே தெரிந்தது. தமிழ்நாடு முழுக்க அதே கதைதான். ஆனால் அக்காவின் ஊருக்குக் காரணம் கையிலேயே இருந்தது. வேற்று ஜனத்துப் பெண், ரிஜிஸ்தர் கல்யாணம், போதாததற்கு வந்த மேகத்தைக் கைவீசித் துரத்தியவள். அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்தால் மழை வரும் என்று ஊர்ப் பெரியதனக்காரர் மாமாவிடம் நேராகவே சொல்லிவிட்டார். மாமா முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். ஆனால் வீடு மாமாவுடையது இல்லை. அவருடைய அம்மாவுடையது. நான் அத்தை என்று கூப்பிடுகிற அந்த அம்மாள், அனுப்பு என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. அக்கா போட்டுவைத்த சோற்றைச் சாப்பிடுவார், அக்காவின் முகத்தைப் பார்க்கமாட்டார். அக்கா அந்த வீட்டில் இருப்பதும் போவதும் அந்த ஒரு அம்மாளின் வாய்ச்சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. இதெல்லாம் எனக்கு அக்கா சொல்லித் தெரியவில்லை, பின்னால் மாமா சொல்லித்தான் தெரிந்தது. அவள் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன் என்பாள்.

கோடை விடுமுறைக்கு நான் ஊரில் இருந்தபோது, ஒரு மத்தியானம் மாமா சைக்கிளில் வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. துண்டில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இத்த கொஞ்சம் பாரும்மா. கெணறு வத்திப்போச்சின்னு ஆழம் வெட்டிக்கினு இருக்கறோம். அடியில இந்த மாதிரியே வந்துக்கினு இருக்குது."

சாம்பல் நிறத்தில் தட்டையான ஒரு களிப்பாறைத் துண்டு. அதன்மேல் ஒரு இலை படுத்திருந்தது. நடுவில் ஒரு ஈர்க்கு, இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி வரிசையாகச் சின்ன இலைகள். நரம்புகூடத் தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டில் தறி நின்றுவிட்டது. கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்து, தொடாதே தொடாதே என்று காட்டுகிற பொருள் இது. இங்கே துண்டில் சுற்றி சைக்கிள் கேரியரில் வந்திருக்கிறது!

"சந்தோசப்படாதம்மா. கெணறு வெட்டறவங்க கடப்பாரைய வெச்சிட்டு மேல ஏறிட்டாங்க. பச்ச இலை கல்லா மாறிப்போச்சி, இது சாபம்னு ஊரே சொல்லிக்கினு இருக்குது. உங்க அக்காவாலதானாம். பொண்ணு கல்லாவற கதைய கேட்டிருக்கறோம், இலைகூட கல்லாவுதுன்னு பேசறாங்க. வர்ற வெள்ளிக்கெழம கொடும்பாவி இழுக்கப்போறாங்க. எங்க வாசல்ல நிறுத்தப்போறதா பேச்சி."

என் சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. கொடும்பாவி என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மழை பொய்த்தால், யாரோ செய்த பெரும் பாவம்தான் காரணம் என்று வைக்கோலில் ஒரு பெண் உருவம் செய்து, சேலை கட்டி, கயிற்றில் பிணைத்துத் தெருத்தெருவாக இழுப்பார்கள். ஊர்ப் பெண்கள் பின்னால் மாரடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டு போவார்கள். கடைசியில் ஊருக்கு வெளியே கொளுத்துவார்கள். எங்குமே அந்தப் பாவிக்குப் பெயர் வைப்பதில்லை. வாசல் ஒன்றில் நிறுத்தி ஒப்பாரி வைத்தால், பெயர் வைத்தது மாதிரி. அந்த வீட்டுப் பெண் அதற்குப் பிறகு அந்த ஊரில் தண்ணீர் எடுக்கக்கூடப் போக முடியாது.

அப்பா கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நெசவு மாதிரி இருக்குதே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ படிச்சது இதுதானே? கெளம்பு" என்றார்.

அன்றைக்கே அப்பாவும் நானும் பஸ் பிடித்துப் போனோம். நான் நேராகக் கிணற்றுக்குத்தான் போனேன். வயசுப் பெண் கிணற்றில் இறங்குவதாவது என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்கினேன். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அடியில் நின்று சுற்றுச்சுவரை அண்ணாந்து பார்த்ததும் பயம் போன இடம் தெரியவில்லை. வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டிய படம் முழுசாக என்னைச் சுற்றி நின்றது.

மேலே ஊர்க்காரர்கள் உழுகிற களிமண். அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்காங்கல் பதிந்த ஒரு கனமான அடுக்கு. உழும்போது கொழு முனையில் கடகடவென்று இடறி, எல்லோரும் திட்டிக்கொண்டே பொறுக்கிப் போடுவார்களே, காளவாயில் சுட்டால் சுண்ணாம்பாகுமே, அந்தக் கல். அதற்கும் கீழே செக்கச்செவேலென்று ஓட்டை ஓட்டையான செம்புரைக்கல். அதன்கீழ் உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள். எல்லாவற்றுக்கும் அடியில் சாம்பல் களிப்பாறை, அதில் இலைகள், இலைகளுக்கு நடுவே என் நகத்தளவுக்குச் சிப்பிகள். சிப்பி என்றால் கடல். கடற்கரையிலிருந்து முப்பது நாற்பது மைல் உள்ளே இருக்கிற கரம்பில், கடலின் அடிச்சேற்றில் நான் நின்றுகொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுப் பின்கட்டில் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுக்குப் புரிகிற வழி எனக்குத் தெரியும்.

"நெய்த துணிய படமரத்துல சுத்திக்கினே வருவோமில்ல? எது உள்ள இருக்கும்?"

"மொதல்ல நெய்தது" என்றாள் அக்கா.

"கெணறும் அப்படித்தான். அடியில இருக்கறது மொதல்ல நெய்தது. மொதல்ல இங்க கடலு. கரையில அடர்த்தியா காடு. அதோட இலை சேத்துல விழுந்து மூடிக்கிச்சி. அந்த ஜாதிச் செடி இப்ப நம்ம சீமையிலயே கெடையாது. அப்புறம் கடலு போயி, கல்ல உருட்டிக்கினு வர்ற அளவுக்கு ஆத்து வெள்ளம். அப்புறம் நல்ல வெயிலும் நல்ல மழையும் மாறி மாறி அடிச்சி, மண்ணு துருவேறி செம்புரையா ஆச்சி. அப்புறம்தான் சுக்கான். மண்ணுல இருக்கற தண்ணிய வெயிலு குடிச்சிட்டுப் போயிடும். தண்ணியில கரைஞ்சிருந்த சுண்ணாம்பு மட்டும் உள்ளயே தங்கி கட்டியாயிடும். இவ்ளோ கனத்துக்கு சுக்கான் சேரணும்னா, மழை ரெண்டு வருசம் இல்லாம போனது இல்லக்கா. எத்தன தலைமுறையோ வறண்டு கெடந்திருக்குது."

அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்றே எனக்குத் தோன்றவில்லை. முறம் நின்றது.

"ஏம்மா. அந்த சுக்கான் காலத்துல இந்த ஊரு இருந்துச்சா?"

"இல்ல அத்தை. ஊரும் இல்ல, ஏரும் இல்ல."

"கடலு இருந்தப்போ?"

"மனுசப் பூண்டே கெடையாது அத்தை. எலையும் சிப்பியுந்தான்."

"உம்" என்றார். மறுபடி புடைக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான் பேச்சு. அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கும் அந்த 'உம்'முக்கு அர்த்தம் தெரியவில்லை.

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். என் வயசில் எனக்கிருந்த தைரியத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே கை தட்டத் தோன்றுகிறது. கல் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, ஏரிக்கரையில் ஆண்கள் கூடுகிற இடத்துக்குப் போய், பெரியதனக்காரர் முன்னால் பரப்பி வைத்து, பிரசங்கம் செய்தேன். வானிலை தானாகவே மாறும், அதற்கு யார் பாவமும் வேண்டாம் என்றேன். சூரியனின் சூடு கூடும் குறையும் என்றேன். பூமி பம்பரம் மாதிரி சாய்ந்து சுற்றுகிறது, அந்தச் சாய்வும் ஆட்டமும் மெல்ல மெல்ல மாறும், அதனால் மழையும் பனியும் இடம் மாறும் என்றேன். எரிமலை வெடித்தால் அந்தப் புகை வெயிலை மறைத்து ஊர் உலகத்தையே குளிர வைக்கும் என்றேன். நிலமே நகர்ந்து வந்திருக்கிறது, ஒரு காலத்தில் நம் தேசத்தின் மேலேயே பனிப்பாறை ஊர்ந்து போய்க் கற்களில் கீறல் போட்டிருக்கிறது என்றேன்.

"நெலம் நகருமாம்பா" என்றார் ஒருவர். "அதான் எம் பங்காளி வரப்ப நகர்த்தி வெச்சிக்கினான்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பெரியதனக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மரியாதையாகவே கேட்டார். "நீ படிச்ச பொண்ணு. எல்லாஞ் சரிம்மா. அப்ப மழை எப்ப வரும்? அதச் சொல்லு."

ஒரு காலத்தின் வானிலையே மாறுவது வேறு, இரண்டு வருஷம் மழை தவறுவது வேறு. முன்னதைக் கல் சொல்லும், பின்னதைச் சொல்லாது. அதனால் உள்ளதைச் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதுங்க."

கூட்டம் கலைந்தது. அப்பா மட்டும் நின்று கற்களைப் பொறுக்கித் துண்டில் கட்டினார். "நல்லாத்தான் சொன்ன" என்றார். "தெரியாதுன்னதும் நல்லாத்தான் சொன்ன."

வெள்ளிக்கிழமை வெயில் சாய்ந்ததும் பறைச்சத்தம் கேட்டது. அத்தை திண்ணென்று நடுவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அக்காவை உள்ளே போகச் சொன்னோம், அவள் போகவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா தெருவில் இறங்கி நின்றார். நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, வைக்கோல் பாவி புழுதியில் புரண்டு புரண்டு வந்தாள். பெண்கள் தலைமயிரை அவிழ்த்துப் போட்டு மாரடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். எங்கள் வாசலுக்கு நேராக வந்ததும் பறை நின்றது. கயிறு நின்றது.

அப்போதுதான் நான் பார்த்தேன். வைக்கோல் பாவிக்குக் கட்டியிருந்தது அக்காவின் சேலை. கல்யாணத்துக்கு முன்னால் தனக்கென்று அவள் நெய்துகொண்ட ஒரே சேலை. கரையும் உடலும் சேரும் இடம் தெரியாத அந்த நெசவு வேறு யாருக்கு வரும்? அதை இழுத்து இழுத்துப் பாதி கிழித்திருந்தார்கள். அக்காவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவ்வளவு நாள் வாய் திறக்காதவள் போட்ட அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியதனக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டார்.

"ஏம்பா, இந்த பொடவ எங்க வூட்டுக் கொடியில காய்ஞ்சிக்கினு இருந்துச்சே. எவன் எடுத்தது?"

கயிற்றைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன் அதைக் கீழே போட்டான்.

"கேக்கறேனில்ல? எங்கூட்டு மருமக பொடவைய எங்கூட்டுக் கொடியிலேருந்து திருடிக்கினு போயி, எங்கூட்டு வாசல்லயே கொண்டாந்து காட்டறீங்களா? இது எந்த ஊரு நாயம்?"

"அண்ணி, அது வந்து..." என்று இழுத்தார் பெரியதனக்காரர். "ஊரு மழைக்கோசரம்..."

"மழைக்கோசரந்தானே? இரு." அத்தை விடுவிடுவென்று உள்ளே போனார். அப்பா கட்டி வைத்திருந்த துண்டை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் உதறினார். கற்கள் சிதறின. குனிந்து வெள்ளையான ஒன்றை எடுத்துப் பெரியதனக்காரர் கையில் வைத்தார்.

"இது இன்னாது?"

"சுக்காங்கல்லு."

"உங்க அப்பன் ஏரு ஓட்டும்போது இடறினது, நீ ஓட்டும்போது இடறினது. வறண்டு வறண்டுதான் இது ஆவுதாம். எத்தினி தலைமுறையோ மழையே இல்லாம கெடந்திருக்குது இந்த பூமி. அப்ப இந்த ஊரு இல்ல. நீயும் இல்ல, நானும் இல்ல. இந்த பொண்ணும் மேகத்தைத் தொரத்தறதுக்கு இல்ல. அப்ப மழைய நிறுத்தின பாவி யாருபா? ஆளே இல்லாத காலத்துல எவளோட பொடவைய திருடிக் கட்டியிருப்பீங்க? எவ வாசல்ல நிறுத்தியிருப்பீங்க? சொல்லிட்டு இங்கருந்து நகரு."

பெரியதனக்காரர் கல்லைப் பார்த்தார். கிணற்று மேட்டில் குவிந்து கிடந்த கற்களைப் பார்த்தார். நான் ஒரு மணி நேரம் பேசியும் நகராத ஜனம், அந்தக் கேள்வியில் ஒரு அடி பின்வாங்கியது. பம்பரமும் எரிமலையும் நான் சொன்னதுதான். சுக்கானும் நான் சொன்னதுதான். ஆனால் அதில் எதை எடுத்து எங்கே வைக்க வேண்டும் என்பது அத்தைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அதில் பொறாமையே இல்லை. அந்த அம்மாளின் சம்பந்தி வீட்டுக்காரி என்று சொல்லிக்கொள்வதில் இன்றைக்கும் எனக்குத் தலை நிமிர்கிறது.

"இழுக்கறதுன்னா இழுங்க" என்றார் அத்தை. "பேரு வெக்காத பாவின்னுதானே நம்ம பெரியவங்க இழுத்தாங்க? அப்படியே இழுங்க. நாங்களும் வர்றோம்."

அவரே தன் கொண்டையை அவிழ்த்துவிட்டார். பிறகு நிலைப்படிக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். ஒப்பாரி வைத்துக்கொண்டு பின்னால் போவது ஊர்ப் பெண்களின் உரிமை. வேற்று ஊர்க்காரிக்கு அதில் இடமில்லை, பாவிக்குக் கேட்கவே வேண்டாம்.

"வாடி. எங்கூட்டுப் பொம்பளைங்க எல்லாரும் போயாவணும். அழத் தெரியுமா உனக்கு?"

தெரியுமாவாவது! அக்கா அந்தப் பெண்களுக்கு நடுவில் போய் நின்று எடுத்தாள் பாருங்கள், இரண்டு வருஷமாக உள்ளே அடைத்து வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. மற்றப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு அவள் எடுத்துக் கொடுக்க, அவர்கள் பின்பாட்டு அழுதார்கள். கொடும்பாவி எங்கள் வாசலை விட்டு நகர்ந்தது. அப்பா வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்த வேலையானாலும் சுத்தமா செய்யறா எம் பொண்ணு" என்றார்.

அன்றைக்கு மழை வரவில்லை. அந்த மாசமும் வரவில்லை. ஆனால் அக்கா தண்ணீர் எடுக்கப் போனாள், வந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கிணறு வெட்டுகிறவர்கள் மறுபடி இறங்கினார்கள். இலைக்கல்லுக்குக் கீழே மணற்பாறையில் ஊற்று கிடைத்தது. பாதி ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது.

தீபாவளி விடுமுறைக்கு நான் போயிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் கிழக்கே வானம் மை மாதிரி இருண்டு வந்தது. ஊரே ஏரிக்கரையில் நின்றது, பெரியதனக்காரர் உட்பட. அக்கா இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குத் தன் கைமேல் நம்பிக்கை இல்லை.

அத்தை பார்த்துவிட்டார். "இன்னாடி கைய ஒளிச்சி வெச்சிக்கினு இருக்கற? எடு வெளிய."

"வேணாம் அத்தை."

"எடுன்றேன். எல்லாரும் பாத்துக்கினு இருக்கறாங்க, நல்லா பாக்கட்டும். தொரத்து."

ஒருவர் வேண்டாம் என்பது போல ஒரு அடி முன்னால் வந்தார். பெரியதனக்காரர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். அக்கா அத்தையைப் பார்த்தாள். மேகத்தைப் பார்த்தாள். மெல்லக் கையை வெளியே எடுத்து, எங்கள் தெருவில் பாவு விரித்த காலையில் எப்படி வீசுவாளோ அப்படியே வீசினாள்.

"போ, போ" என்றாள். குரல் உடைந்தது. அத்தை அவள் முதுகில் ஒரு அடி வைத்தார். "சத்தமா!" அக்கா இரண்டு கையையும் தூக்கி வீசிக் கத்தினாள். "போ, போ, அப்பால போ!"

முதல் துளி என் மூக்கின்மேல் விழுந்தது. அடுத்த துளிகளை யாரும் தனித்தனியாகப் பார்க்கவில்லை. கொட்டியது. ஏரியின் வெடிப்புகளுக்குள் தண்ணீர் களகளவென்று இறங்குகிற சத்தம் கேட்டது. யாரும் வீட்டுக்கு ஓடவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே கையை வீசிக்கொண்டிருந்தாள், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவளோடு சேர்ந்து போ போ என்று கத்திக்கொண்டு குதித்தார்கள்.

இன்றைக்கு மனிதர்கள் புகையை விட்டு வானத்தையே கெடுக்க முடியும் என்று ஆகிவிட்டது. அது வேறு கணக்கு. அதற்கு ஒரு பெண்ணின் கை போதாது, உலகமே சேர்ந்து கெடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் யாராவது ஒரு ஆளை மட்டும் கைகாட்டி, இவளால்தான் என்று சொன்னால், எனக்கு உடனே ஏரிக்கரையில் தொப்பலாக நனைந்து நின்ற அத்தைதான் ஞாபகத்துக்கு வருவார். முகத்தில் வழிகிற தண்ணீரைத் துடைக்காமல், அவர் பெரியதனக்காரரின் பக்கம் திரும்பினார்.

"பாத்துக்கினியாபா? எம் மருமக தொரத்தினா எந்த மேகமும் போவாது."